சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி

அன்புள்ள குமரனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, சொட்டு மருந்து இன்னும் பத்து நாள் விட வேண்டும். மாடித் தொட்டிக்குக் குழாய் மாற்றியாயிற்று. சின்னத் தாத்தா வீட்டு விசேஷத்தில் உன் பெயருக்கு ஐயாயிரம் மொய் எழுதினேன். செய்தி இவ்வளவுதான்.

போனிலேயே பேசியிருக்கலாம். மூன்று ஞாயிறாக 'அப்புறம் கூப்பிடுறேன்பா' என்று வைத்துவிடுகிறாய். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர் நேரம் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டேன். நித்யாதான் எடுத்தாள். 'அவங்க தூங்குறாங்க மாமா' என்றாள். ராத்திரி வேலை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லி வைத்தேன். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. தூக்கம் வந்தால் தூங்கத்தான் வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

நான் எழுத உட்கார்ந்தது உன் ஓட்டத்தைப் பற்றி.

எனக்குத் தெரியும். மே மாதமே நித்யா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். 'மாமாவுக்குத் தெரிய வேண்டாம் அத்தை' என்றும் சொன்னாளாம். அம்மா இரண்டு நாள்தான் தாங்கினாள். முப்பத்து மூன்று வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்கு, சொந்த மகன் ஓடுவது மட்டும் தெரியக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. அப்புறம் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, இங்கிலாந்தில் சனிக்கிழமை தோறும் பூங்காவில் ஓடுகிறார்களாமே, அது என்ன என்று கேட்டேன். பார்க்ரன் என்று அவன்தான் தேடி எடுத்துக் கொடுத்தான். உங்கள் ஊர்ப் பட்டியலில் உன் பெயரையும் காட்டினான். ஜூன் மாதம் முதல் ஓட்டம், 5 கிலோமீட்டர், 44 நிமிடம் 18 விநாடி.

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி ஆனால் எனக்குக் கால் நிலைகொள்வதில்லை. அங்கே காலை ஒன்பது. இந்நேரம் கிளம்பியிருப்பாய், இந்நேரம் பாதி தாண்டியிருப்பாய் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பட்டியல் வரச் சாயங்காலம் ஆகிவிடும். உன் நேரத்தையெல்லாம் பழைய மார்க் ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 44.18, 42.50, 43.31 (அன்றைக்கு அங்கே மழை), 41.07, இப்படிப் பதினொன்று. கடைசியாக 38.40. மூன்று மாதத்தில் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. யாரும் விசில் ஊதாமல், யாரும் மிரட்டாமல் நீயாகக் குறைத்தது. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் எத்தனை தடவை காட்டினேன் என்று அவளையே கேட்டுப்பார்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமையாக உன் பெயர் இல்லை.

காலில் வலியா? அப்படியென்றால் எந்த இடத்தில் என்று பார்த்துக்கொள். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக, விரலால் அழுத்தினால் நீளத்துக்கு வலித்தால், புதிதாக ஓடுகிறவர்களில் நிறையப் பேருக்கு வருவதுதான். ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் சரியாகும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓடாதே, டாக்டரிடம் காட்டு. புதிதாக ஓடுகிறவனை ஏமாற்றுவது மூச்சுதான். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும். 'இன்னும் போகலாம்' என்று அதுதான் தூண்டும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சுச் சொல்வதைக் கேட்டுக் காலைக் கெடுத்துக்கொள்ளாதே.

மெதுவாக ஓடு. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எட்டு வைப்பதைச் சின்னதாக வை. பாதம் உடம்புக்கு முன்னால் நீண்டு போய் விழக் கூடாது, இடுப்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலடிச் சத்தம் தொப்பு தொப்பென்று கேட்டால் எட்டு நீளம் என்று அர்த்தம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓடாதே, நட. உலகத்தில் முதல் வரிசையில் ஓடுகிற கென்யாக்காரர்களே பயிற்சியைத் தொடங்கும்போது நடக்கிற மாதிரிதான் ஓடுவார்கள். டி.வி.யில் பார்த்து எனக்கே ஆச்சரியம். நான் ஒரு பிள்ளையையும் அப்படி ஓட விட்டதில்லை.

நீ ஒரு செயலியை வைத்துக்கொண்டு ஒன்பது வாரம் பழகினாய் என்று நித்யா சொன்னாள். கவுச் டூ ஃபைவ் கே. அதையும் பார்த்தேன். முதல் வாரம் ஐந்து நிமிடம் நடை, பிறகு அறுபது விநாடி ஓட்டம், தொண்ணூறு விநாடி நடை, மறுபடி ஓட்டம். வாரத்துக்கு மூன்றே நாள். 1996இல் ஜோஷ் கிளார்க் என்கிற அமெரிக்க இளைஞர், ஐம்பது வயது தாண்டிய தன் அம்மா ஓடிப் பழக வேண்டும் என்று எழுதிய அட்டவணையாம். தொண்ணூறு விநாடி நடக்கலாம் என்று பிள்ளை தாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மைதானத்தில் ஓட்டத்துக்கு நடுவே நடந்த பையனுக்கு என்ன கிடைக்கும் என்று உனக்குத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை நூறில் ஒரு விநாடியில் விட்ட வருஷம். அந்தம்மா 55.42, மூன்றாவது வந்த ருமேனியாக்காரி 55.41. வருஷா வருஷம் ஜூனில் முதல் பீரியட் அந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதித்தான் வகுப்பைத் தொடங்குவேன். நூறில் ஒரு விநாடிக்காகத் தேசமே அழுதது என்பேன். நாலு மாவட்டச் சாம்பியன்கள், ரெண்டு மாநில மெடல், எல்லாம் அந்தக் கரும்பலகையிலிருந்து வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். வராத பிள்ளைகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேர். மெடலுக்கு ஓடுகிறவன் ஒருத்தன். மீதி நாற்பத்தொரு பேருக்கும் ஓட்டம் என்றால் தண்டனை என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாதவனையும் பேசினவனையும் மற்ற வாத்தியார்கள் என்னிடம் அனுப்புவார்கள். நான் மைதானத்தைச் சுற்றி ஓட வைப்பேன்.

போன மாதம் பார்க்ரனைப் பற்றி இன்னும் கொஞ்சம் படித்தேன். 2004 அக்டோபரில் லண்டன் பக்கம் புஷி பார்க்கில், அடிபட்டு ஓட முடியாமல் இருந்த ஒருவர் தொடங்கினாராம். முதல் நாள் ஓடியது பதின்மூன்றே பேர். காசு கிடையாது. அதில் டெயில் வாக்கர் என்று ஒரு தொண்டர் உண்டு. கடைசி ஆளுக்கும் பின்னால் வருவதுதான் அவர் வேலை. ஓட வந்தவர் யாரும் கடைசியாகப் போய்ச் சேரக் கூடாது என்பதற்காக ஒரு ஆள் தானே கடைசியாக வருகிறார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை தம்பி.

நீ எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. ஜூலை மாதம், காற்றுக் காலம், சுண்ணாம்புக் கோடு போட்டால் அரை மணி நேரம் நிற்காது. 1500 மீட்டர் டெஸ்ட். நம் மைதானத்துக்கு ஏழரைச் சுற்று. எல்லாரும் முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். உனக்கு ஒன்றரைச் சுற்று பாக்கி. சட்டைப் பித்தான் ஒன்று தெறித்துப் போயிருந்தது. ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடினாய். உன்னை அத்துடன் நிறுத்தி உட்கார வைத்திருக்கலாம். வேறு யார் மகனாக இருந்தாலும் ஒருவேளை வைத்திருப்பேன். மாஸ்டர் மகனுக்குச் சலுகை என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு. நீ வந்து கோட்டைத் தொட்டதும் நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்துவிட்டு, 'இன்னொரு ரவுண்டு' என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். சார் என்று கூப்பிடவா, அப்பா என்று கூப்பிடவா என்று தெரியாத ஒரு பார்வை. ஒன்றும் சொல்லவில்லை. ஓடினாய். மரத்தடியிலிருந்து பையன்கள் ஒன்று, ரெண்டு என்று உன் எட்டுகளை எண்ணினார்கள். நான் தடுக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

அதற்கப்புறம் நீ மைதானத்துக்கு வரவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் மூச்சிரைப்பு என்று ஒரு டாக்டர் சீட்டு கொண்டுவந்தாய். உனக்கு மூச்சிரைப்பு இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டில்தானே இருந்தோம். அம்மாதான் யாரையோ பிடித்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் அதைக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. என் மகனுக்கு விளையாட்டில் நாட்டமில்லை, படிப்பில் கெட்டிக்காரன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். முப்பத்தாறு வயதில் யாருக்கும் தெரியாமல் ஒரு அந்நிய ஊர்ப் பூங்காவில் நீ ஓடத் தொடங்கினால்தான் எனக்குத் தெரிய வருகிறது, உனக்கு அதில் நாட்டம் இருந்திருக்கிறது, நான்தான் பிடுங்கிவிட்டேன் என்று.

நித்யா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். ஓட்டம் முடிந்து, முழங்கால் வரை சேறு, கையில் ஏதோ ஒரு கோப்பை, பக்கத்தில் எழுபது வயசிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிறீர்கள். உன் சிரிப்பில் மேல் வரிசைப் பல்லெல்லாம் தெரிகிறது. இந்தச் சிரிப்பை நான் உன் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்க்கவில்லை. அம்மா அதைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட வேண்டும் என்கிறாள். நான்தான் வேண்டாம், அவன் வந்து பார்த்தால் நமக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும் என்றேன். இனிமேல் போடலாம்.

அதனால் சொல்கிறேன், நேரத்தைப் பார்க்காதே. நான் எழுதி வைக்கிறேன் என்பதற்காக நீயும் பார்க்காதே. 38 நிமிடம் 45 நிமிடமாக ஆனாலும் ஒன்றும் இல்லை. நடந்தே போய்ச் சேர்ந்தாலும் அங்கே யாரும் எண்ணப் போவதில்லை. அங்கே இனிக் குளிர் வரும், முதல் பத்து நிமிடம் நட, உடம்பு சூடானதும் ஓடு. மூன்று வாரம் விட்டுப் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காதே, பாதியிலிருந்து தொடங்கு. ஷூவின் அடிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருக்கிறதா பார், தேய்ந்திருந்தால் மாற்று, காசு பார்க்காதே. காசு வேண்டுமென்றால் என்னிடம் கேள். பென்ஷன் வருகிறது, இங்கே எங்களுக்கு என்ன செலவு? ஷூவுக்கு மட்டும் சொல்லவில்லை, எதற்காக இருந்தாலும் சரி, கேள். மெதுவாக ஓடு.

அடுத்த ஏப்ரலில் நாங்கள் வரலாமா என்று நித்யா கேட்டிருந்தாள். அம்மாவுக்கு அதற்குள் கண் நன்றாகிவிடும். இந்த டெயில் வாக்கர் வேலைக்கு ஓடத் தெரிய வேண்டியதில்லையாம், நடந்தால் போதும். தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்து பழகுகிறேன். இடது முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன். வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல். சேர்த்துக்கொண்டால் அன்றைக்கு நீ எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வரலாம்.

கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். பேசத் தோன்றாவிட்டால் பேசவும் வேண்டாம். ஓட்டக்காரர் தன் பெயர் பதிந்த பார்கோடு சீட்டை மறந்துவிட்டு வந்தால் பட்டியலில் அவர் பெயர் வராது, எத்தனையாவதாக வந்தார் என்று மட்டும் போட்டுப் 'பெயர் தெரியாதவர்' என்று வருமாம், எதிர்வீட்டுப் பையன் சொன்னான். போன சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பட்டியலில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், 163ஆவதாக ஒருவர், 209ஆவதாக ஒருவர். அதில் ஒன்று நீதானா என்று மட்டும் நித்யாவிடம் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
அப்பா