சனிக்கிழமை மாலை ஸ்மித்ஃபீல்டில் ஐரிஷ் இசை

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை டப்ளின் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் பப்புக்குப் போகிறோம். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடம், ஸ்மித்ஃபீல்டு நிறுத்தம், மாலை 6 மணி. டிக்கெட் கிடையாது.

முன்னறையில் மேடை என்று ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இல்லன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழலை வாசிப்பவரை அவசியம் பாருங்கள். வாயால் ஊதுவதே இல்லை! ஒரு முழங்கை துருத்தியை அமுக்கும், இன்னொன்று பையை அணைத்திருக்கும். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. பவுரான் என்ற தோல் மேளத்தை வாசிப்பவர் ஒரு கையால் குச்சியைச் சுழற்றும்போதே, மறு கையால் தோலை உள்ளிருந்து அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவார். ஜிக் என்ற துள்ளல் நடன மெட்டு தொடங்கினால் ‘தகிட தகிட’ என்று உங்கள் காலே தாளம் போடும்.

2021-இல் இங்கே ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது, இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. அந்த இடம் நமக்கு மிஞ்சியது அப்படித்தான்.

சரி, ஒரு வேண்டுகோள்: வாசிப்பவர்களின் இருக்கையில் உட்கார வேண்டாம். மெதுவான பாட்டு வந்தால் பேச்சை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் முழுக்க அடங்கிவிடும். அப்புறம், சீக்கிரம் வந்தால்தான் பக்கத்தில் நிற்க முடியும்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.