பன்னெண்டணா வலி

என்ற சேக்காளிக்கு,

நல்லா இருக்கறயா? நைட் டூட்டி மாறிருச்சா இல்ல இன்னும் அதே கூத்துதானா? உன்ற லெட்டர் வந்து மூணு வாரமாச்சு, பதில் போடோணும் போடோணும்னு நெனைக்கறதோட சரி, நர்சிங் படிக்கற புள்ளைகளை வார்டு போஸ்டிங் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தா பொழுதோட காலு ரெண்டும் தனியா கழண்டு உளுந்துரும்போல இருக்குது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், மஞ்சக்காட்டுப் பக்கம் போவாதீங்கன்னா கேட்டாத்தானே.

எம்பதியெல்லாம் எப்படிடி சொல்லிக்குடுப்பேன்னு கேட்டிருந்த. நானும் முதல்ல போர்டுலதான் எழுதிப்போட்டேன், சிம்பதின்னா அய்யோ பாவம்ங்கறது, எம்பதின்னா அவிய எடத்துல நின்னு பாக்கறதுன்னு, எல்லாம் அழகா நோட்ல எழுதி அண்டர்லைன் பண்ணிக்கிச்சுக. டெமோ ரூம்ல பொம்மைகிட்டப் போயி "வணக்கம், நான் உங்க ஸ்டூடண்ட் நர்ஸ், வலிக்குதுங்களா"ன்னு ராகம் போட்டு வேற கேக்குதுக, பிராக்டிகல்ல அதுக்கு மார்க் இருக்குதல்ல. அதே புள்ளைக வார்டுக்குள்ள வந்தா "மிஸ், ஒம்பதாம் பெட்டு யூரின் போகோணுமாம்"! பெட்டு எங்கடி யூரின் போகும்னேன். மரியாதையை விடு, பெட் மாத்துன அன்னைக்கு ஊசியே ஆள் மாறிப்போகும், பேரும் ஐபி நம்பரும் (அட்மிஷன் போடறப்ப குடுக்கற உள்நோயாளி நம்பர்) பாக்காம கை வெக்கக்கூடாதுன்னு தெனமும் கத்தறேன். நம்மூர்ல தெருவுல போற பொடிப்பையனையே "ஏனுங் தம்பி"ன்னு கூப்புடற சனம், யூனிபார்ம் மாட்டுனதும் அந்த "ங்க" எங்கதான் போகுதோ.

அப்பறம் ஒரு நாள் ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு, ஒருத்தி கண்ணைக் கட்டிக் கட்டில்ல சாய்ஞ்சுக்கோணும், இன்னொருத்தி ரசஞ்சோறு ஊட்டோணும்னு வெச்சேன். ஒரே சிரிப்பு. முடிச்சதுக்கப்பறம் ஒருத்தி மெல்லமா சொல்றா, "மிஸ், இவ நின்னுக்கிட்டே ஊட்டறப்ப அடுத்த கரண்டி எப்ப வரும்னே தெரியல, முழுங்கறதுக்குள்ள வாய்ல வந்து இடிக்குது, பயமா இருந்துச்சு"ன்னு. அதுக்கப்பறம் வார்டுல ஊட்டறவளுக எல்லாம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காந்துதான் ஊட்டறாளுக, நான் அதைச் சொல்லவே இல்ல.

ஆனா நான் எழுத வந்ததே வேற. கவுந்தப்பாடிப் பக்கத்துப் பாட்டி ஒண்ணு, எம்பது வயசுக்கு மேல, சக்கரைல கால்ல புண்ணு. என்ற ஸ்டூடண்ட் ஒருத்தி, வாயே தொறக்காத புள்ள, பாட்டிகிட்ட பெயின் ஸ்கோர் கேட்டிருக்கா, பூஜ்ஜியத்துல இருந்து பத்துக்குள்ள எவ்வளவுங்க வலின்னு. பாட்டி "பத்தெல்லாம் தெரியாது கண்ணு, ஒரு பன்னெண்டணா வலி இருக்கும்"னுருச்சு. இவளுக்கு அணான்னாலே என்னன்னு தெரியாது, அதைக் கேக்கப்போயி பாட்டி சந்தைல வெத்தலை வித்த கதைல ஆரம்பிச்சு கால்மணி நேரம் ஓடிப்போச்சு. காச்சல், நாடி, மூச்சு எழுதற டிபிஆர் சார்ட்டு காலியா கெடக்குது, ரவுண்ட்ஸ் வர்ற நேரம், நான் போயி பேஷண்ட் முன்னாடியே "கதை பேசவா வந்த"ன்னு கத்திப்போட்டேன். புள்ள கண்ணுல தண்ணியோட கேக்கறா, "மிஸ், ரூபாய்க்குப் பதினாறணாவாம், கணக்குப் போட்டா பத்துக்கு ஏழரை வருது, ஏழுன்னு போடறதா எட்டுன்னு போடறதா? கட்டுப் பிரிக்கறப்ப முழு ரூவாயாம்"னு.

எனக்குப் பொக்குனு போச்சு போ. டியூட்டி டாக்டர்கிட்டச் சொல்லி, அடுத்த நாள்ல இருந்து டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி முன்னாடியே வலி ஊசி போட்டாங்க. அத்தனை நாள் அந்தப் பாட்டி கத்துனதை நாங்க எல்லாரும் சும்மா கேட்டுட்டுத்தான் இருந்திருக்கறோம்.

குறள்ல மருந்து அதிகாரத்துல கடைசி, 950, நோயாளி, வைத்தியன், மருந்து, கூட இருந்து குடுக்கறவன் நாலும் சேந்ததுதான் மருந்துன்னு வருமே, அதைத்தான் அடுத்த நாள் கிளாஸ்ல சொன்னேன். மே 12 நர்ஸ் தினம் வந்தா மெழுகுவத்தி புடிச்சுட்டு நைட்டிங்கேல் உறுதிமொழி சொல்றதைவிட இது மேல் (அது அந்தம்மா எழுதுனதே இல்ல, 1893ல அமெரிக்காவுல வேற ஆளுக எழுதுனது). கிளாஸ்லயே எல்லார் முன்னாடியும் அந்தப் புள்ளகிட்ட சாரியும் சொன்னேன், கத்துனது முன்னாடின்னா சாரி மட்டும் பின்னாடி சொல்றது நியாயமில்லல்ல.

உனக்கு ஞாபகம் இருக்குதா, நம்ம முதல் டெத் பாத்த அன்னைக்கு நீ பாத்ரூம்ல ஒக்காந்து அழுதது? அழுவறவ எல்லாம் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க, அன்னைக்கு யாராச்சும் உனக்கு ஒரு டம்ளர் டீ வாங்கிக் குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? நான் கூட குடுக்கல, சோத்துக்குப் பொறவு பேசிக்கலாம்னு போய்ட்டேன். இப்ப என்ற புள்ளைக வார்டுல ஒரு சாவு பாத்துட்டு வந்தா அன்னைக்கு நோட்ஸ் எதுவும் கேக்கறதில்ல, கேண்டீன் கூட்டிட்டுப் போயி ஒட்டுக்கா உக்காந்து டீ குடிக்கறோம். பேசறவ பேசுவா, அழுவறவ அழுவா. சிலபஸ் முடியலன்னு மேல இருந்து திட்டு வருது, வரட்டும்.

பங்குனில பண்ணாரி குண்டத்துக்கு வர்றேன்னயே, ஒரு நா சேத்து லீவு போடு. கிளாஸுக்கு வந்து அந்த பாத்ரூம் கதையை அப்படியே சொல்லு, சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் பரவால்ல. பாட்டி போன வாரம் டிஸ்சார்ஜ் ஆயிருச்சு, போறப்ப அந்தப் புள்ள கையைப் புடிச்சுட்டு "இப்ப நாலணாதான் கண்ணு"ன்னுச்சு.

வர்றப்ப போன தடவை குடுத்தயே அந்தத் தைலம், ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வா, அம்மா கேட்டாங்க.

இப்படிக்கு
உன்ற பழைய ரூம்மேட்