விடுமுறையில் பிள்ளைகள் கட்டும் தோரணம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த விடுமுறையில் வீட்டை அலங்கரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனைதான்: அலங்காரத்துக்கென்று எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. குப்பைக்குப் போகவிருந்த பொருள்களே போதும்.

சென்ற முறை இதைச் சொன்னபோது, பாதிப் பிள்ளைகள் புத்தம்புதிய காகிதத் தட்டும் தெர்மாகோலும் கொண்டுவந்தார்கள். நாங்கள் தெளிவாகச் சொல்லாததுதான் காரணம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று வந்தவற்றில் என் கண்ணில் நிற்பது ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பூ. டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாயைத் தட்டையாக அழுத்தி, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டும் விரிந்து இதழாகிவிடுகிறது. 10 சென்டிமீட்டர்க் குழாயில் பத்து இதழ், ஐந்தைந்தாக ஒட்டினால் இரண்டு பூ. ஓர் இதழ் கோணலாக இருந்தது, பசை காய்ந்த இடத்தில் அவளது விரல் ரேகை பதிந்திருந்தது. தயவுசெய்து அந்தக் கோணலை நீங்கள் நிமிர்த்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், கேட்டால் மட்டும் கை கொடுங்கள்.

பசையும் வீட்டிலேயே ஆகும். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு நாலைந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு அடுப்பில் கிளறிக் காய்ச்சுங்கள். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், கொஞ்சமாகச் செய்தால் போதும். தோரணத்துக்குச் செய்தித்தாள் நல்லதுதான். ஆனால் வெயில் படும் சன்னலில் சீக்கிரம் பழுப்பேறிவிடும், வெயில் பட்டால் நிறம் மாறும் லிக்னின் என்ற மரப்பொருள் அதில் அப்படியே இருப்பதால். அங்கே எழுதி முடித்த நோட்டுத் தாள் கூடுதல் நாள் தாங்கும்.

ஜிகினாத் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான ஜிகினா, அலுமினியப் பூச்சு பூசிய பிளாஸ்டிக் துணுக்கு. ஒட்டிய காகிதத்தையும் மறுசுழற்சிக்கு ஆகாமல் கெடுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலேயே உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது. பள்ளியில் அதைப் பெருக்கிப் பெருக்கி எங்கள் பணியாளர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். மினுமினுப்பு வேண்டுமென்றால் நொறுக்குத்தீனி பாக்கெட்டைக் கழுவித் துடைத்து, வெள்ளி நிறமான உள்பக்கம் வெளியே தெரியும்படி இழை இழையாக வெட்டிக் கட்டட்டும். காற்றில் அது ஆடும் அழகே தனி.

பாதுகாப்பு விஷயத்தில் நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும். தகர டப்பாவின் விளிம்பு கத்தி போலக் கிழிக்கும், அதைப் பெரியவர்களே வெட்டி மடக்கிக் கொடுங்கள். காகிதக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். சிறு மின்விளக்கு வைத்தால், அதன் பொத்தான் பேட்டரி திருகாணி போட்டு மூடிய அறைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். சந்தேகம் வந்தாலே போதும், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பள்ளி திறக்கும் நாளில், செய்தவற்றில் ஒன்றை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். வாசிப்பு மூலையில் தொங்கவிடுவோம். மற்றவற்றைக் கழற்றும்போது நூல், காகிதம், பாக்கெட் இழை என்று பிள்ளைகளே பிரித்து வைக்கட்டும். காகிதத்தைப் போட வாசலில் ஒரு பெட்டி வைத்திருப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்