செயலாளரின் ஆண்டறிக்கை: போர்ன்மத்தில் எடி ஹவ், ஆட்டக்காரராகவும் மேலாளராகவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் நேராக இந்த ஆண்டின் பாடப்பொருளுக்கு வருகிறேன். ஆங்கிலக் கால்பந்தின் கீழ்ப்பிரிவுகளில் ஆடி, அங்கேயே மேலாளராகத் தொடங்கிய ஒருவரின் வழியை விரிவாகப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. எடி ஹவ்வை எடுத்துக்கொண்டோம். 2025 மார்ச்சில் அவர் மேலாளராக இருந்த நியூகாசில் கிளப் லீக் கோப்பையை வென்றதால் அவரை எல்லோரும் அறிவார்கள். பயிற்சியாளர்களான நமக்குப் பயன்படுவது அதற்குப் பதினாறு ஆண்டு முந்தைய கதை. கூட்டங்களில் பெரும்பகுதி நேரத்தை அதற்கே ஒதுக்கினோம்.

ஹவ் நடுப் பின்கள ஆட்டக்காரர். 1995 டிசம்பரில், மெல் மேச்சின் மேலாளராக இருந்தபோது, தென் இங்கிலாந்துக் கிளப்பான போர்ன்மத்துக்காக முதலில் களமிறங்கினார். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் ஆடியிருக்கிறார். 2002 மார்ச்சில் போர்ட்ஸ்மத் மேலாளர் ஹாரி ரெட்நாப் 4 லட்சம் பவுண்டுக்கு அவரைத் தன் கிளப்புக்கு வாங்கினார். அங்கே முழங்கால் கெட்டது. லீக்கில் இரண்டே ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. 2004-இல் போர்ன்மத்துக்குக் கடனாக, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆடும் இரவல் ஆட்டக்காரராக, திரும்பினார். நிரந்தரமாகச் சேர்க்கக் கிளப்பிடம் பணம் இல்லாததால் ரசிகர்கள் சில நாள்களில் 21,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். ஆனாலும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முப்பது வயதுக்கு முன்பே, 2007-இல், ஆட்டத்தை நிறுத்தினார்.

நிறுத்துவதற்கு முன்பே அவர் கையில் வேறு வேலை இருந்தது என்பதுதான் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. 2006 இறுதியில் அன்றைய மேலாளர் கெவின் பாண்ட் அவரை ரிசர்வ் அணியின் (இரண்டாம் நிலை அணியின்) ஆட்டக்காரர்-பயிற்சியாளராக்கிவிட்டார். 2008 செப்டம்பரில் பாண்ட் நீக்கப்பட்டபோது ஹவ்வின் வேலையும் சேர்ந்து போனது. அடுத்து வந்த ஜிம்மி குவின் காலத்தில் இளையோர் பயிற்சியாளராகத் திரும்பினார். அந்த ஆண்டின் கடைசி நாளில் குவினும் நீக்கப்பட, 31 வயது ஹவ் தற்காலிக மேலாளரானார். முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. அப்படியிருந்தும் 2009 ஜனவரியில் கிளப் அவரையே நிரந்தரமாக்கியது.

அவர் பொறுப்பேற்ற நிலைமையை எண்களில் பார்த்தால்தான் அதன் கடுமை விளங்கும். 2008 பிப்ரவரியில் கிளப் கடனில் மூழ்கி, திவாலாகும் நிறுவனங்களைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்பில் போனது. அதற்கு 10 புள்ளிகள் வெட்டு. அந்தப் பருவத்தை 48 புள்ளிகளோடு முடித்து, பிழைத்த கடைசி அணியைவிட இரண்டே புள்ளிகள் குறைந்து, மூன்றாம் பிரிவிலிருந்து, கால்பந்து லீக்கின் கடைசிப் படியான நான்காம் பிரிவுக்கு, அதாவது லீக் டூவுக்கு, இறங்கியது. ஆக, அவர்களை இறக்கியது அந்த வெட்டுதான். கடன்காரர்களோடு முறையான உடன்பாடு எட்டாமல் நிர்வாகத்திலிருந்து வெளிவந்ததற்காக, அடுத்த பருவம் தொடங்கும்போதே மேலும் 17 புள்ளிகள் பிடிக்கப்பட்டன. ஒரு வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. பூச்சியத்துக்கு ஏறவே ஐந்து வெற்றியும் இரண்டு சமனும் வேண்டும். 24 அணிகளில் கடைசி இரண்டு, லீக்கை விட்டே வெளியேற வேண்டும்.

ஹவ் தன் பழைய பின்களத் தோழர் ஜேசன் டிண்டலை உதவியாளராக வைத்துக்கொண்டார். ஜனவரியில் கிராலி கிளப்பிலிருந்து ஸ்டீவ் ஃப்ளெட்சரைத் திரும்ப அழைத்தார். ஃப்ளெட்சருக்கு அப்போது 36 வயது. உயரமான முன்கள ஆட்டக்காரர். 1992-லிருந்து நெடுங்காலம் அதே கிளப்பில் ஆடியவர். வயதைக் கணக்கிட்டு வேண்டாம் என்று எந்த மேலாளரும் சொல்லியிருக்கலாம். ஏப்ரல் 25-இல் கிரிம்ஸ்பியை 2-1 என்று வென்று அணி பிழைத்தது. வெற்றி கோல் ஃப்ளெட்சருடையது. இறுதிக் கணக்கு: 17 வெற்றி, 12 சமன், 17 தோல்வி. ஈட்டிய 63-இல் வெட்டுப் போக மிஞ்சியது 46, இடம் 21. அந்த 63-ஐ வெட்டில்லாமல் வைத்திருந்தால் நடுப்பட்டியலில் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அடுத்த பருவத்தில் ஆட்டக்காரர் சேர்ப்புக்குத் தடை இருந்தது. இருக்கிற சிறிய அணியை வைத்தே 2010-இல் இரண்டாமிடம் பிடித்து மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தார்கள். தடை இருந்தால் பயிற்சியில் காயம் தவிர்ப்பதே முதல் வேலை, ஏனெனில் மாற்று ஆளே கிடையாது. நம் விவாதத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது இந்தப் பகுதிதான். அந்தக் கோடையில் வோக்கிங் கிளப்பிலிருந்து ஹாரி ஆர்ட்டரை 4,000 பவுண்டுக்கு எடுத்தார்கள். அதே ஆர்ட்டர் பிறகு பிரீமியர் லீகில் ஆடினார்.

2011 ஜனவரி முதல் 2012 அக்டோபர் வரை ஹவ் இரண்டாம் பிரிவுக் கிளப்பான பர்ன்லியின் மேலாளராக இருந்தார். முடிவுகள் 8-ஆம் இடம், 13-ஆம் இடம். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே சேர்த்த கீரன் ட்ரிப்பியர்தான் பின்னாளில் நியூகாசிலுக்கு அவர் எடுத்த முதல் ஆள். போர்ன்மத்துக்குத் திரும்பியதும் 2013-இல் மறுபடி இரண்டாமிடம், மறுபடி உயர்வு. 2015-இல் 90 புள்ளிகள், 98 கோல்களுடன் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பை வென்று கிளப் முதன்முறையாகப் பிரீமியர் லீகில் நுழைந்தது. அங்கே ஐந்து பருவங்கள் நிலைத்து, 2020-இல் இறங்கியது. ஹவ்வும் விலகினார்.

செயற்குழு இரு தீர்மானங்களை அவை முன் வைக்கிறது.

ஒன்று: உறுப்பினர் அணிகளில் நீண்ட காயத்தில் இருக்கும் ஆட்டக்காரர் எவரும் சும்மா உட்கார வேண்டாம். வாரம் ஒரு இளையோர் பயிற்சியையாவது தலைமைப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு: வரும் ஆண்டின் பாடப்பொருளாக ஜான் கோல்மனை எடுத்துக்கொள்ளலாம். 1999-இல் அக்ரிங்டன் ஸ்டான்லியின் பொறுப்பேற்று, 2006-இல் கிளப்பைக் கால்பந்து லீகுக்குக் கொண்டுவந்தவர். 2014-இல் திரும்பி வந்து 2018-இல் லீக் டூவையும் வென்றார்.

உறுப்பினர்கள் விவாதித்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்