நமது பின்னல் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

தலைவர் அக்கா அவர்களுக்கும், பொருளாளருக்கும், மொட்டை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இன்று வராமல் இருந்துவிட்டு நாளைக்கு "என்னக்கா பேசுனீங்க" என்று போன் பண்ணப்போகிற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தில் இப்போது 31 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு 27. புதிதாக வந்தவர்களில் இருவர் ஆண்கள். ஒருவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், ஒயர் கூடை போடுவார். இன்னொருவர் கல்லூரியில் படிக்கும் தம்பி. குரோஷா ஊசியில் நம்மில் பாதிப் பேரைவிட வேகம். மாதம் ஒன்று வீதம் 12 கூட்டம் நடந்திருக்க வேண்டும், 10தான் நடந்தது. ஏப்ரலில் சித்திரைத் திருவிழா, மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. மதுரையில் இந்த இரண்டையும் மீறிக் கூட்டம் போட முடியாது. இரண்டாவதற்குக் காரணம் என் வீட்டுப் பையனும்தான்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் எழுந்த புகார் உங்களுக்கு நினைவிருக்கும். "நேரம்கூட எப்படியாவது கிடைச்சிருதுக்கா. என்ன பின்றதுன்னுதான் தெரியலை." சொன்னவர் ஒருவர், தலையாட்டியவர்கள் எல்லோரும். என் போனில் அப்போது 400க்கும் மேல் படங்கள் சேர்த்து வைத்திருந்தேன். பனி கொட்டும் ஊரில் போடுகிற பொன்சோ, கழுத்து வரை மூடும் ஸ்வெட்டர், முழங்கால் வரைக்கும் சாக்ஸ். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். அதில் ஒன்றைக்கூட நான் பின்னவில்லை. அப்போதுதான் தலைவர் அக்கா அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: ஓராண்டுக்குப் போன் படம் வேண்டாம், கூட்டத்துக்கு வருகிறவர் தன் வீட்டுக்குள் கண்ட ஏதாவது ஒன்றிலிருந்து யோசனையோடு வர வேண்டும். நான் எதிர்த்தேன். எதிர்த்தது மினிட்ஸ் புத்தகத்திலும் இருக்கிறது. இந்த அறிக்கை பெரும்பாலும் நான் தோற்ற கதைதான்.

ஏப்ரலில் கூட்டம் இல்லை என்றாலும் நிறம் கிடைத்தது. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குகிறார் என்று ஊரே பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பார்கள். ஏப்ரல் 23 அன்று பச்சைப் பட்டுதான். அன்று மாலையே நான்கு பேர் தனித்தனியாகப் போய்ப் பச்சை நூல் வாங்கி வந்தார்கள். ஒரே கடை, ஒரே பச்சை, ஆனால் லாட் நம்பர், அதாவது சேர்த்துச் சாயம் போட்ட தொகுதியின் எண், வேறு. சேர்த்துப் பின்னிய மேசை விரிப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு பாதி வெற்றிலை, மறுபாதி முருங்கைக்கீரை. ஒரு சாமானுக்கு வேண்டிய நூலை மொத்தமாக, லேபிளில் ஒரே லாட் நம்பர் பார்த்து வாங்குங்கள் என்று இதோடு ஏழாவது முறையாகச் சொல்கிறேன்.

நிறத்தைப் பற்றி இந்த ஆண்டு நமக்கு உண்மையில் பாடம் எடுத்தவர் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. நம் இணைச் செயலாளரின் மாமியார். ஜூன் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. நூல் கம்பெனியின் ஷேட் கார்டை வைத்துக்கொண்டு 14ஆ 41ஆ என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, ஊஞ்சலில் இருந்தபடியே கையை நீட்டி அதை வாங்கினார். "இது வெங்காயச் சருகு. இது மயில் கழுத்து. இது வாடாமல்லி. இது ராமர் பச்சை. எம்.எஸ். நீலம் இதுல இல்லையேம்மா?" எங்களுக்கு எண்ணாக இருந்ததெல்லாம் அவருக்குப் பீரோவில் அடுக்கிய புடவை. எதோடு எது சேரும் என்பதற்கும் அவரிடம் ஒரே கணக்குத்தான்: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், முந்தி கரையோடு போகும். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை. அந்தக் கணக்கில் ஐந்து பேர் குழந்தைப் போர்வை பின்னினார்கள், ஒன்றுகூடச் சோடை போகவில்லை. அவர் பிறந்த வீடு சுங்குடி வீடு. துணியைச் சிட்டிகை சிட்டிகையாக நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டிய இடம் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி அதுதான். இப்போது அரக்கு நிறப் பருத்தி நூலில், வெள்ளை மொட்டு மொட்டாக ஒரு கட்டில் விரிப்பு அவர்கள் வீட்டில் குரோஷாவில் வளர்ந்துகொண்டிருக்கிறது. பாதிதான் முடிந்திருக்கிறது. மாமியார் தினமும் மொட்டு எண்ணுகிறாராம்.

மார்கழிக்கு முன்பே கோலம் வந்தது. ஒரு உறுப்பினர் தன் அம்மாவின் கோல நோட்டைக் கொண்டுவந்தார். நாற்பது பக்க நோட்டு, எண்ணெய்க் கை பட்டு மஞ்சளான ஓரம், சில பக்கங்களில் பால் கணக்கு. அதிலிருந்த ஒரு நட்சத்திரக் கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் 21க்கு 21 என்று குறித்து, 8ஆம் நம்பர் ஊசியில் இரண்டு நிற நூலால் பின்னினார். வந்தது நட்சத்திரம் இல்லை, மிதிபட்ட தவளை. தவறு அவருடையது அல்ல. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு தையல் சதுரமாக இருக்காது. அகலம் கூட, உயரம் குறைவு. அந்த ஊசியில் அந்த நூலுக்குப் பத்து சென்டிமீட்டரில் பக்கவாட்டில் 22 தையல் வந்தால், மேல்வாட்டில் 28 வரிசை வரும். ஆக 21 கட்டம் அகலத்தில் ஒன்பதரை சென்டிமீட்டர், உயரத்தில் ஏழரைதான். நம் கல்லூரித் தம்பி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, குரோஷால நிரப்புன கட்டம், காலிக் கட்டம்னு போட்டுப் பாருங்க, சதுரமாவே வரும்" என்றார். ஒரு கட்டத்தின் உயரத்தையும் அகலத்தையும் நம் கைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ள முடிவதால் வந்தது. அந்த நட்சத்திரம் இப்போது நோட்டைக் கொண்டுவந்தவர் வீட்டுப் பூஜை அறை வாசலில் திரையாகத் தொங்குகிறது. சிக்குக் கோலத்தை யாரும் தொடவில்லை. வரைவதே சிக்கல், அதைப் பின்னுவானேன்.

வட்டமாகக் குரோஷா போடுகிறவர்களுக்கு ஒன்று. விரிப்பு தட்டையாக வர, சிங்கிள் குரோஷாவில் சுற்றுக்கு ஆறு தையல் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் கிண்ணமாகக் குவியும், அதிகமாகக் கூட்டினால் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். அக்டோபரில் வந்த ஆறு மேசை விரிப்பில் மூன்று அப்பளம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடும்பம் இருக்கும் வீட்டில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் இந்த ஆண்டும் எதையும் முடிக்கவில்லை. முடித்தவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எண்ண வேண்டிய வேலை இராத்திரி பத்து மணிக்கு மேல். எண்ண வேண்டாத நேர் வரிசை பையில் எப்போதும். பள்ளிக்கூட வாசலில், பல் டாக்டர் வரிசையில், குக்கர் அடுப்பில் இருக்கும்போது. பருப்புக்கு மூன்று விசில் என்றால் தனக்கு நான்கு வரிசை என்று ஒருவர் துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார். ஒருமுறை வரிசையை எண்ணி விசிலை மறந்துவிட்டதால் அன்றைக்கு அவர்கள் வீட்டில் பருப்பு, பாயசப் பதத்தில்.

என் சொந்த விபத்தையும் மறைக்கக் கூடாது. என் மாமனாரின் சுத்தக் கம்பளி ஸ்வெட்டர், கொடைக்கானலுக்கு மட்டும் போடுவது (மதுரைக்காரர் வேறு எங்கே போடுவார்), வாஷிங் மெஷினில் சூட்டுத் தண்ணீரில் சுற்றிவிட்டது. போட்டது என் மகன். உதவி செய்கிறானாம். கம்பளி இழையில் மீன் செதிள் மாதிரி நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், அப்புறம் பிரியவே பிரியாது. 42 அளவு ஸ்வெட்டர் நாலு வயதுப் பிள்ளைக்குப் பத்தாத அளவில் வெளியே வந்தது. இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மாமனாரே கத்தரிக்கோலை எடுத்து வந்து, "வெட்டுனா நூல் பிரியுமா?" என்று கேட்டார். பிரியாது, இறுகிப் போன கம்பளியை எப்படி வெட்டினாலும் ஓரம் பிசிறாது. இப்போது அது அவருடைய காபி பிளாஸ்க்குக்கு உறை, மீதி சூடான பாத்திரம் பிடிக்கும் துண்டு. சுத்தக் கம்பளியைப் பச்சைத் தண்ணீரில், கசக்காமல் கையால் துவையுங்கள்.

ஒரு அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குக் குல்லாய் பின்னிக் கொடுத்தோம். "மதுரை வெயில்ல குல்லாயா?" என்று நம்மிலேயே சிலர் கேட்டீர்கள். குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தன் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாது. உடம்பில் தலைதான் பெரிது, சூடு அங்கேயும் போய்க்கொண்டே இருக்கும். தாயின் மார்போடு தோல் படக் குழந்தையைக் கட்டி வைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. அதிலும் குழந்தைக்கு இருப்பது குல்லாய், சாக்ஸ், டயப்பர் மட்டும்தான். முதல் தடவை 40 குல்லாய் கொண்டுபோனோம், நர்ஸ் அம்மா 18ஐத் திருப்பிக் கொடுத்தார். குஞ்சம் வைத்தது, பட்டன் வைத்தது, ரிப்பன் கட்டியது, உள்ளே தையல் ஓரம் தடித்தது. "அழகு எங்களுக்கு வேணாம்மா, உறுத்தக் கூடாது" என்றார். அளவுக்கு நம் பொருளாளர் கண்டுபிடித்த வழி: உரித்த சின்னத் தேங்காய். குல்லாயைத் தேங்காய்க்குப் போட்டு வழுக்காமல் நின்றால் சரி. டிசம்பர் மாதம் முழுவதும் அவர் வீட்டு ஷெல்ஃபில் ஐந்து தேங்காய் குல்லாயோடு உட்கார்ந்திருந்தன. அவருடைய பேத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டதால் சட்னிக்கு உடைக்க முடியாமல் போயிற்று. இரண்டாவது தடவை ஒன்றும் திரும்பவில்லை.

செப்டம்பரில் வந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அந்த உறுப்பினர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது மறதி நோய். மகளைத் தெரியவில்லை, ஆனால் கை சும்மா இருப்பதில்லை. போர்வை ஓரத்தைப் பிய்ப்பார், சட்டைப் பட்டனைத் திருகுவார், விரல் நுனி புண்ணாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்காக இங்கிலாந்தில் கம்பளியில் குழாய் மாதிரி ஒன்று பின்னி, உள்ளும் புறமும் பட்டன், ரிப்பன், ஜிப் தைத்துக் கொடுப்பார்கள். கை அதற்குள் போய் எதையாவது தடவிக்கொண்டிருக்கும். இவர் முதலில் பின்னியதும் அதுதான். அப்பா ஒருநாள் வைத்திருந்தார், பிறகு தள்ளிவிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்திருக்கிறார். கட்டை விரல் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, ஆள்காட்டி விரல் மடங்குகிறது, பிறகு ஒரு இழுப்பு. டிக்கெட் கிழிக்கிறார். அன்று இராத்திரியே பச்சை, ரோஸ், மஞ்சள் நூலில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பட்டைகள் குரோஷாவில் போட்டு, அடுக்கு அடுக்காக ஒரு அட்டையில் வைத்துத் தைத்தார். தோள் வழியாகத் தொங்க ஒரு தோல் பை, அதில் செல்லாத பழைய காசு. இப்போது பிய்ப்பதில்லை. அடுக்கை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுகிறார். போன மாதம் நான் பார்க்கப் போனபோது ஒரு பட்டையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, "எங்க?" என்றார். பெரியார் பஸ் ஸ்டாண்டு என்றேன். பையில் கை விட்டுச் சில்லறை கொடுத்தார்.

ஒயர் கூடை வகுப்பு மூன்று ஞாயிறு நடந்தது. சிவன் கண் முடிச்சில் எல்லோரும் தேறினோம், நெல்லிக்காயில் நான் தோற்றேன். "பிளாஸ்டிக் ஒழிப்புன்னு சொல்லிட்டு ஒயரும் பிளாஸ்டிக்தானே சார்" என்று ஒருவர் கேட்க, மின்வாரிய சார் தன் அம்மா போட்டுத் தந்த கூடையை எடுத்து வைத்தார். அவருக்கே பேரன் இருக்கிறான். யாரும் மேலே பேசவில்லை.

விற்பனை ஸ்டால் எனக்குப் பிடிக்கவில்லை, இந்த ஆண்டும். இரண்டு நாள் உட்கார்ந்து பின்னிய பையை எடுத்துப் பார்த்து "கடையில எண்பது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்பார்கள். கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சங்கம் தொடர்ந்து போட விரும்பினால் வேறு யாராவது உட்காருங்கள். சென்னையில் 2016 ஜனவரியில் பெண்கள் கூடிக் குரோஷாவில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை ஒன்றாக இணைத்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதில் யாரும் எண்பது ரூபாய்க் கணக்குப் பார்க்கவில்லை.

கணக்கு. தொடக்க இருப்பு 2,140 ரூபாய். சந்தா 29 பேரிடம் 300 வீதம் 8,700. ஸ்டால் வரவு 4,650. மொத்தம் 15,490. நூல் வாங்கியது 7,380, ஸ்டால் வாடகை 1,500, டீ பலகாரம் 2,960, ஆக 11,840. கையிருப்பு 3,650. டீச் செலவு அதிகம் என்று பொருளாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். பஜ்ஜியில் மூன்றாவது தட்டு கேட்டது யார் என்றும் எழுதியிருக்கிறார், அதை வாசிக்கவில்லை. சந்தா பாக்கி உள்ள இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு, "வீட்டிலிருந்து ஒன்று" தீர்மானத்தை நீட்டிக்க நானே முன்மொழிகிறேன். மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகள் மாறிய பிறகு நூலுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்றார்கள். எந்த மாடியில் எந்தக் கடை என்று தம்பி ஒரு படம் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், சங்கத்தின் 8ஆம் நம்பர் ஊசி ஜோடியில் ஒன்று நவம்பரிலிருந்து காணவில்லை. நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் மூன்றேகால், ஆகவே 10ஐக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்ய முடியாது. நுனியில் சாம்பல் நிறத் தொப்பி, பக்கத்தில் சின்னக் கீறல். வீட்டில் பெரியவர்கள் யாராவது அதை வைத்து முதுகு சொறிந்துகொண்டிருந்தால், நயமாகக் கேட்டு வாங்கி, கழுவிக் கொண்டுவரவும்.

செயலாளர்