பழைய வரிப் பதிவேடுகளை எடைக்குப் போடாதீர்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவறையில் இருக்கும், எந்த வீட்டுக்கு யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதிய பழைய சொத்துவரிக் கேட்புப் பதிவேடுகளைக் கழிவுத்தாளாக ஏலம் விடப்போவதாக அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். இடம் போதவில்லை, வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, எல்லாம் கணினியில் ஏறிவிட்டது என்று மூன்று காரணங்கள் அதில் உள்ளன. முதலிரண்டும் உங்கள் நிர்வாகம் சார்ந்தவை. மூன்றாவது சரியல்ல. கணினியில் ஏறியிருப்பது இன்றைய உரிமையாளரின் பெயரும் வரி நிலுவையும்தான். அதற்கு முன் யார் யார் பெயரில் வரி இருந்தது, எந்த ஆண்டில் மாறியது, வீட்டின் பழைய கதவு எண் என்ன என்பதெல்லாம் இன்னும் அந்தத் தடித்த பைண்டுகளில் மட்டுமே இருக்கின்றன. ஆகவே ஏலத்தை நிறுத்திவையுங்கள் என்று கேட்கிறோம்.

"பத்திர ஆபீஸில் எல்லாம் கிடைக்குமே" என்று உங்கள் பிரிவில் பதில் சொன்னார்கள். கிடைக்காது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட் எல்லாம் அதில் வரும். உயில் மூன்றாம் புத்தகத்தில் போய்விடுவதால் வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது. 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமாக இருந்ததில்லை. சின்ன ஓட்டு வீடுகளின் கதை அங்கேயே அறுந்துவிடுகிறது. இவற்றைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. தகப்பன் இறந்து மகன் கைக்கு வந்த வீட்டுக்குப் பத்திரமே எழுதுவதில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் ஒரே குடும்பத்திடம் இருந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்ற ஒற்றை வரி வரும். மூன்று தலைமுறை அந்த ஒரு வரிக்குள் காணாமல் போகிறது.

அந்த மூன்று தலைமுறையும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. பெயர் மாற்றக் கலத்தில் 'இன்னார் காலமானதால் வாரிசு இன்னார்' என்று உத்தரவு எண்ணும் தேதியும் போட்டிருப்பார்கள். இறந்த உடனே யாரும் பெயர் மாற்றுவதில்லை என்பதால் அந்தத் தேதியை இறந்த நாளாகக் கொள்ளக்கூடாது. அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்ற எல்லைக்கோடாகத்தான் கொள்ள வேண்டும். அந்த எல்லைக்கோடு கிடைத்தாலே இறப்புப் பதிவைத் தேட வேண்டிய ஆண்டுகள் கைக்கு அடங்கிவிடும். பெண்களைத் தேடுவோருக்கு இது இன்னும் முக்கியம். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் ஆண்மக்கள் பெயர்தான் வரிசையாக நிற்கும். மகளுக்கும் பிறப்புரிமை தந்த, அச்சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல்தான் வந்தது. அதுவரை ஒரு விதவையின் பெயர் தனியாக எழுதப்பட்ட அரசுத் தாள் பல குடும்பங்களுக்கு வீட்டுவரிப் பதிவேடு ஒன்றுதான்.

இனி கதவு எண். இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 1938இல் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்றில் 'கதவு எண் 17' என்றிருந்தால், இன்று 17 என்று பலகை மாட்டிய வீடு அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தெருவின் ஒரு சிறகில் ஏறி மறு சிறகில் இறங்கி வந்த வரிசை எண், பிறகு ஒற்றைப்படை ஒருபக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று மாறியிருக்கும். நடுவில் ஒரு வீடு இரண்டானால் 17ஏ வரும். காலிமனையில் வீடு எழுந்தால் அடுத்த எண்ணிடலில் அதற்கப்பால் எல்லாம் ஒன்று தள்ளும். கணக்குப் போட்டு இதைப் பிடிக்க முடியாது.

பத்திரத்தின் செக்குபந்தியை வைத்து ஓரளவு பிடிக்கலாம். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, தெற்கே தெரு என்ற நான்கெல்லை ஒரே தாளில் பக்கத்துக் குடும்பங்களின் பெயரையும் தந்துவிடும். அந்தப் பெயர்களைப் பத்திர அலுவலக அட்டவணையில் தேடி, அவர்கள் பத்திரத்தின் எல்லையோடு ஒத்துப்பார்த்து, வீடு வீடாக நகர்ந்து ஒரு கோயிலிலோ சந்து முனையிலோ போய் முட்டினால் வரிசை உறுதியாகும். நடுவில் பத்திரமில்லாத ஒரு வீடு வந்தால் சங்கிலி அறுந்துவிடும். அங்கே கைகொடுப்பது வரிப் பொதுச்சீராய்வு, அதாவது எல்லா வீட்டு வரியையும் ஒருசேரத் திருத்தியமைக்கும் வேலை, நடந்த ஆண்டின் பதிவேடு. பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கலங்களில் எழுதப்பட்டது அதில்தான். அதை எடைக்குப் போட்டுவிட்டால், பத்திர அலுவலகத்தில் அரசு பத்திரமாகக் காத்துவரும் பழைய பத்திரங்களில் பெரும்பகுதி எந்த வீட்டைப் பற்றியது என்றே சொல்ல முடியாமல் போகும். ஒரு துறை காப்பாற்றியதை இன்னொரு துறை பயனற்றதாக்குவது எந்த வகை நிர்வாகம்?

தெருப்பெயரிலும் இதே கதைதான். 1978இல் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணையிட்டது நியாயமானது. பலகையில் அவை திரும்ப வரவே கூடாது. ஆனால் எந்தத் தெரு எந்தப் பெயரானது என்ற பட்டியல் கேட்டால் ஏன் யாரிடமும் இல்லை? வீடுகளும் நிற்கப்போவதில்லை. முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டு, பாகம் பிரித்தபோது திண்ணைக்கு நடுவே எழுப்பிய சுவர், பொதுச்சுவரில் செங்கல் வைத்து அடைத்த வாசல் எல்லாம் இடிப்பு அனுமதி தந்த மறுவாரமே மண்ணாகின்றன. அனுமதி தருமுன் முகப்பையும் முற்றத்தையும் நான்கு படம் எடுத்துக் கோப்பில் சேர்க்க என்ன செலவாகும்? வீடு போகட்டும் என்றால் தாளையாவது விடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டோம், கேட்க வந்ததைக் கேட்கிறோம். ஏலத்தை நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் வைக்க இடமில்லை என்றால் பொதுச்சீராய்வு ஆண்டுப் பதிவேடுகளையும் பெயர் மாற்றப் பதிவேடுகளையும் முதலில் ஒதுக்குங்கள். படியெடுக்கும்போது தையலை வெட்டித் தாளைத் தனித்தனியாக்கி இயந்திரத்தில் செலுத்த விடாதீர்கள். நொறுங்கும் தாள் அதில் கிழியும், வரிசையும் குலையும். மேலிருந்து படமெடுக்கும் கருவியில், வண்ணத்தில், 300 டிபிஐக்குக் குறையாமல் எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு மையில் எழுதிய திருத்தங்கள் கறுப்பு வெள்ளைப் படத்தில் மூல எழுத்தோடு கலந்துவிடும். அட்டையும் வெற்றுப் பக்கங்களும்கூடப் படமாக வேண்டும். வார்டு எண்ணும் ஆண்டும் பல தொகுதிகளில் அட்டையின் முதுகில் மட்டுமே இருக்கும். பூச்சி அரித்த தாளுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்ட வேண்டாம். கோப்புப் பெயரில் வார்டு, தெரு, ஆண்டு மூன்றும் இருக்கட்டும். இன்று வாழ்வோரின் விவரம் வெளியாகும் என்ற தயக்கம் நியாயம்தான். கடைசி 30 ஆண்டுகளைப் பொதுப்பார்வைக்குத் தர வேண்டாம்.

பழைய எழுத்தும், பழைய வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டும், ரூபாய்–அணா–பை கணக்கும் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். தெருவாரியாகப் பழைய எண்–புதிய எண் பட்டியல் தயாரிக்க ஊதியமின்றி வந்து உதவுகிறோம். ஏல நாளுக்கு முன் எங்களை அழைத்துப் பேசி, பதிவேடுகள் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன என்று எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நகரின் பழைய தெருக்களில் குடும்ப வரலாறு தேடுவோர்