கழுகும் நரியும்: முடிவை மாற்றியவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில் ஈசாப்பின் 'கழுகும் நரியும்' கதை வந்திருந்தது. தூக்கிச்சென்ற நரிக்குட்டியைக் கழுகு திருப்பிக் கொடுப்பதுதான் பழைய முடிவு என்றும், கழுகுக் குஞ்சுகள் எரிந்து விழுவது பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்த கொடூரம் என்றும் அதன் அடியில் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்துவிட்டது. நடந்தது அதற்கு நேர்மாறு.

கிரேக்க உரைநடைக் கதை தங்களுக்குத் தெரிந்ததுதான். நட்பு பூண்டு ஒரே மரத்தில் மேலும் கீழுமாகக் குடியிருக்கும்போது, கழுகு நரியின் குட்டிகளைத் தூக்கித் தின்றுவிடுகிறது. பறக்க முடியாத நரி தூரத்தில் நின்று சபிக்கிறது. பலம் இல்லாதவர்களுக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்று கதையே சொல்கிறது. பிறகு பலிபீடத்திலிருந்து கழுகு திருடிவந்த இறைச்சியோடு கூட்டுக்குத் தீ வந்து சேர்கிறது. கீழே விழுந்த குஞ்சுகளைத் தாயின் கண்ணெதிரே நரி தின்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே பரோஸ் தீவுக் கவிஞர் ஆர்க்கிலோகஸ் இந்தக் கதையைப் பாடினார். மகளைத் தனக்கு மணமுடித்துத் தருவதாக வாக்களித்துவிட்டு மறுத்த லைகாம்பீஸின் மீதிருந்த கோபத்தில் பாடியது என்பார்கள். மிஞ்சிய வரிகளில், விலங்குகளின் அநியாயமும் நியாயமும் உன் பொறுப்பல்லவா என்று கிரேக்கர்களின் தலைமைக் கடவுள் சியூஸிடம் முறையீடு கேட்கிறது. இந்தக் கோபத்தையா இடைச்செருகல் என்கிறீர்கள்?

குட்டிகள் திரும்பக் கிடைக்கும் முடிவு, கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய ஃபீட்ரஸிடம் இருக்கிறது. அதிலும் கழுகு மனம் திருந்தவில்லை. நரி கொள்ளிக்கட்டையோடு மரத்தை வளைத்துக்கொண்ட பிறகு பயந்து கொடுக்கிறது. 1722இல் சாமுவேல் கிராக்ஸால் ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த வழிதான். 1867இல் ஜார்ஜ் ஃபைலர் டவுன்சென்ட் தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிரேக்க முடிவை அப்படியே வைத்தார். அவர் கொடூரம் எதையும் கூட்டவில்லை. நரியின் சாபத்தை விட்டுவிட்டார் என்பதுதான் அவர்மேல் எனக்குள்ள குறை.

குழந்தைகள் பயப்படுவார்கள் என்பது தங்கள் பக்கத்தின் நெடுநாள் வாதம். நான் ஆசிரியையாக இருந்தவள். வகுப்பில் இரண்டு முடிவுகளையும் படித்துக் காட்டியிருக்கிறேன். தீ வந்தபோது யாரும் அழவில்லை. மென்மையான முடிவைக் கேட்டபோதுதான் ஒரு சிறுமி எழுந்து, "அப்படியென்றால் கழுகை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா டீச்சர்?" என்றாள். குஞ்சுகள் என்ன தவறு செய்தன என்று இன்னொரு பையன் கேட்டான். அந்த மணி நேரம் முழுவதும் அவர்கள் அதைத்தான் பேசினார்கள். எங்கள் பள்ளி நிர்வாகம் நான் படித்துக் காட்டிய புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஓர் இதழில் இந்தக் கதைகளை 'ஈசாப் எழுதிய புத்தகம்' என்று அச்சிட்டீர்கள். அவர் கையால் எழுதிய நூல் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. சாமோஸ் தீவில் இயாட்மோன் என்பவருக்கு அடிமையாக இருந்தவர் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். வாய்திறக்க உரிமையில்லாத ஒருவரின் பெயரில் உலவும் கதைகள் இவை. அவற்றில் சாபத்துக்கும் பழிக்கும் இடமில்லாமல் போகுமா? அப்போதும் எழுதினேன். கடிதம் பாதி வெட்டப்பட்டு, பாராட்டியிருந்த வரிகள் மட்டும் வெளிவந்தன. கதைக்குக் கதை 'நீதி' என்று கட்டம் போடும் வழக்கத்தைப் பற்றி எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. குழந்தை யோசிக்கத் தொடங்கும் இடத்தில் அந்தக் கட்டம் வந்து வாயை மூடுகிறது. சிறுவயதிலிருந்து தங்கள் இதழைப் படித்துவரும் எனக்கு இதையெல்லாம் சொல்ல உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். இனி இத்தகைய கதைகளுக்குக் கீழே, யாருடைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து, எந்த ஆண்டுப் பதிப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சிறிய எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்